பரிசலில் இரண்டு பேர்

(வானொலி மறையுரை: பாஸ்கா காலம் 3ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு)



இன்றைய நற்செய்தியில் ஏழு சீடர்கள் இரவு முழுவதும் வலை வீசியும் ஒன்றும் கிடைக்கவில்லை. விடிந்தபின் 153 மீன்கள். அந்த எண்ணுக்கு மறைநூல் அறிஞர்கள் எத்தனையோ விளக்கம் சொல்லிவிட்டார்கள். என் கேள்வி சின்னது: அந்த மீன்களை யார் கழுவினார்கள், உப்பிட்டார்கள், விற்றார்கள்? யோவான் எழுதவில்லை. ஆனால் பேதுருவுக்கு மாமியார் இருந்தார். செபதேயுவின் மனைவி கல்வாரி வரை வந்தவர். மகதலா ஊரே மீன் உப்பிடும் தொழிலுக்குப் பேர்போனது.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. பென்னாகரம் தாண்டி, ஏரியூர் வழியாக நாகமரைக்குப் போய்ப் பாருங்கள். 1934இல் கட்டிமுடித்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் அங்கே விரிந்து கிடக்கிறது. ஒரு பரிசலில் இரண்டு பேர். பலவற்றில் அவர்கள் கணவனும் மனைவியும்தான். அவர் வலையை விடுவார், இந்த அம்மா துடுப்புப் போடுவார். காற்று எழும்பும்போது பரிசல் சுற்றாமல் பிடிப்பது லேசான வேலையா? சாயந்தரம் விட்ட வலையை விடியுமுன் இழுத்து, கெளுத்தி முள் கையில் ஏறாமல் மீனைக் கழற்றி, வீடு வந்து சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். பிறகு கிழிந்த வலை காத்திருக்கும். அணை 120 அடி நிரம்பினால் டெல்டாவுக்குக் கொண்டாட்டம். இவர்களுக்கோ தண்ணீர் விரிய விரிய மீன் கலைந்துவிடும். ஒகேனக்கல்லில் புகையில் கண் சிவக்க மீன் பொரித்துத் தரும் பெண்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். (அவர்களிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதும் நாம்தான்.)

இவ்வளவும் செய்கிறவரிடம் தொழில் என்ன என்று கேட்டால், "அவருக்குத்தான் மீன் தொழில், நான் கூடமாட போறேன்" என்பார். பரிசல் கவிழ்ந்து கணவர் போய்விட்டால், தானும் மீன் பிடித்தவள் என்று அந்தப் பெண் எந்தத் தாளைக் காட்டுவார்?

உயிர்த்த ஆண்டவர் அன்று காலை கரையில் என்ன செய்தார்? கரி நெருப்பு மூட்டினார். மீன் சுட்டார். அப்பம் வைத்து, பசித்து வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். நம் வீட்டில் அதை யார் செய்கிறார்கள்?

மீனவர் நல வாரியம் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. மீன் பிடிப்பவர் மட்டுமல்ல, மீன் சார்ந்த தொழில் செய்கிறவரும் அதில் சேரலாம். அணைக்கரையில் உங்களுக்கு உறவினர் இருந்தால் இந்த வாரமே சொல்லுங்கள்: கணவரின் அட்டையோடு நிற்காமல், மனைவியின் பெயரையும் எழுதிக் கொடுக்கட்டும்.