தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் கம்பைலர்

நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். அந்தக் கம்பைலரையே அதன் மூலநிரலிலிருந்து நம் வீட்டுக் கணினியில் கட்டி எடுக்கலாம். இன்று ஜிசிசியைப் பற்றிச் சொல்கிறேன். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட கம்பைலர் அது. அதன் மூலநிரலை யாரும் இறக்கிப் படிக்கலாம், திருத்தலாம்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "சார், கம்பைலரும் ஒரு நிரல்தானே? அதை யார் சார் கம்பைல் பண்றது?" என்று கேட்டாள். அருமையான கேள்வி! பாலைத் தயிராக்கப் பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுகிறோம் அல்லவா? அதுபோல, கணினியில் ஏற்கெனவே இருக்கும் கம்பைலர்தான் புதியதற்கு உறை. 2013-இல் வந்த 4.8 பதிப்பு முதல், ஜிசிசியைக் கட்ட ஒரு சி++ கம்பைலர் தேவை.

ஆயத்தங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற கணித நூலகங்கள் வேண்டும். மூலநிரலோடு வரும் ஒரு ஸ்கிரிப்டே அவற்றை இறக்கித் தந்துவிடும். மூலநிரல் கோப்புறைக்குள் கட்டாமல், தனிக் கோப்புறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் கன்ஃபிகர் கட்டளை, பிறகு மேக் கட்டளை. எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவர் சீக்கிரம் முடியட்டும் என்று எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டார். ரேம் போதாமல் பாதியில் நின்றுவிட்டது. இரண்டாகக் குறைத்ததும் ஓடி முடிந்தது. சிறிய கணினி வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம். ஜிசிசி ஒருமுறை கட்டியதோடு நிற்பதில்லை. பழைய கம்பைலர் கட்டித் தருவது முதல் நிலை. அந்த முதல் நிலைக் கம்பைலர் அதே மூலநிரலை மீண்டும் கட்டும். அது இரண்டாம் நிலை. இரண்டாவது மறுபடி கட்டினால் மூன்றாவது. எதற்கு மூன்று தடவை என்கிறீர்களா? முதலாவதை உருவாக்கியது வேறொரு கம்பைலர். இரண்டாவதும் மூன்றாவதும் புதிய ஜிசிசியே கட்டியவை. எல்லாம் சரியாக இருந்தால் அவை இரண்டும் ஒத்திருக்க வேண்டும். மேக் அவற்றை ஒப்பிடும். வேறுபட்டால் பிழை சொல்லி நின்றுவிடும். ஒப்பீடு வெற்றி என்ற அந்த ஒரு வரி திரையில் வரும்போது ஆய்வகமே கைதட்டும்.

ஆனால் நேயர்களே, உறையிலேயே கெடுதல் இருந்தால்? யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984-இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் இதைத்தான் சொன்னார். மூலநிரலில் சுவடே இல்லாத ஒரு கள்ளவழி, கம்பைலரிலிருந்து கம்பைலருக்குத் தொடர முடியும். மூன்று நிலை ஒப்பீடும் அதைக் காட்டிக்கொடுக்காது. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டேவிட் வீலர் இதற்கு வழி சொன்னார்: தொடர்பில்லாத இன்னொரு கம்பைலரை உறையாக வைத்து அதே மூலநிரலைக் கட்டி, இறுதி விளைவுகளை ஒப்பிடுங்கள். க்ளாங் என்ற வேறொரு கம்பைலர் இருக்கிறதே, அதை வைத்து முயலலாம்.

நேரம் முடியப்போகிறது. தனிக் கோப்புறை, அளவான வேலைகள், பொறுமை, இவை போதும். நிறுவும்போது உங்கள் பழைய கம்பைலரைத் தொடாமல் வேறிடத்தில் நிறுவுங்கள். கணினி படிக்கும் பிள்ளைகள் இந்த விடுமுறையில் ஒருமுறை கட்டிப் பாருங்கள். ஓடும் வரிகளை உட்கார்ந்து படியுங்கள்.