புரதத்தின் இருப்பிடமும் சிகிச்சைச் செலவும்



செலவினம் என்றவுடன் 'எவ்வளவு?' என்றே எங்களைப் போன்றோர் முதலில் கேட்போம். 'யாருக்கு?' என்ற கேள்வி அதனினும் முதன்மையானது. கடும் மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் அதற்கான விடையின் ஒரு பகுதி, செல்லுக்குள் ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்பதில் அடங்கியுள்ளது.

நியூக்ளியோபாஸ்மின் என்னும் அப்புரதம் நம் எல்லோரிடமும் உண்டு. இயல்பான நிலையில் அது பெரும்பாலும் உட்கருவினுள் உள்ள உட்கருமணியில் உறைகிறது. இந்நோயாளர் பலரிடம் இதற்குரிய மரபணுவில், பெரும்பாலும், நான்கே காரங்கள் கூடுதலாகப் புகுந்து விடுகின்றன. புரதத்தின் வால் பகுதி மாறி, உட்கருமணியைப் பற்றி நிற்கும் திறன் குன்றுகிறது. உட்கருவை விட்டு வெளியேற்றும் குறியொன்றும் சேர்கிறது. புரதம் சைட்டோபிளாசத்தில் குவிகிறது.

இத்தாலியின் பெருஜியா நகரைச் சேர்ந்த புருனாஞ்சலோ ஃபலினி குழுவினர் 2005ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். ஆய்ந்த 591 நோயாளரில் 208 பேரிடம் புரதம் இடம் மாறியிருந்தது. குரோமோசோம்கள் இயல்பாக உள்ளோரில் இத்தகையோர் முதற்கட்ட மருந்துச் சிகிச்சைக்கு நன்கு இணங்கினர். எஃப்.எல்.டி.3 என்னும் மற்றொரு மரபணுவில் உள்ளிரட்டிப்புக் கேடு இல்லாதிருப்பின், இவர்களுக்கு முதல் நோய்த்தணிவிலேயே உறவினரிடமிருந்து ஸ்டெம் செல் மாற்றுவதால் கூடுதல் பயன் காணப்படவில்லை என 2008இல் வெளியான ஜெர்மானிய-ஆஸ்திரிய ஆய்வு தெரிவித்தது.

இதன் பொருளாதாரம் எளிதில் விளங்கும். மாற்றுச் சிகிச்சைக்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும். 2018இல் தொடங்கிய தேசிய மருத்துவக் காப்புறுதித் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய். பல மாத ஊதிய இழப்பும், சிகிச்சையினாலேயே நேரக்கூடிய உயிரிடரும் தனி. புரதத்தின் இருப்பிடத்தை அறியவோ, எலும்பு மச்சைத் துணுக்கின் மெல்லிய சீவலுக்கு எதிர்ப்பொருள் கொண்டு சாயமேற்றிச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தல் போதும். எஃப்.எல்.டி.3 சோதனைக்கு மட்டும் மாதிரியைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

ஆனால் துணுக்கைப் பக்குவப்படுத்துவதில் பிழை நேர்ந்தால் சாயம் பொய் சொல்லும். அதற்குத் தேர்ந்த தொழில்நுட்பர் தேவை. கருவி வாங்கும் கோப்பு நகரும் வேகத்தில் பணியிடக் கோப்பு நகர்வதில்லை என்பதை என் பணிக்காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன்.

மாற்றுச் சிகிச்சைக்கு முன் அனுமதி கோரும் விண்ணப்பத்துடன் இவ்விரு சோதனை முடிவுகளையும் இணைக்கக் கேட்கலாம்; கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும். முடிவு வந்து சேரவில்லை என்பதைக் காட்டி எந்த நோயாளியின் விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்பலாகாது.