மலிவு எண்ணெய் கட்டிய பேட்டை



ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் விடிவதற்கு முன்பே தெரு நிரம்பிவிடும். ஹைப்ரூக் தொழிற்பேட்டையின் கிடங்குகளுக்கும் ஹாரிஸ் ரோடு, ஸ்பிரிங்ஸ் ரோடு பக்கத்துப் பட்டறைகளுக்கும் காலை ஷிப்டுக்கு ஆட்கள் வரும் நேரம் அது. வருவது காரில்தான், பெரும்பாலும் காருக்கு ஒருவராக. சில பத்தாண்டுகளுக்கு முன்பு இந்த இடமெல்லாம் பால்மாடுகளும் பந்தயக் குதிரைகளும் மேய்ந்த புல்வெளி. ஃபிஷர் அண்ட் பைக்கல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான சர் வுல்ஃப் ஃபிஷருக்கு இங்கே குதிரைப் பண்ணை இருந்தது. அந்த நிலத்தில்தான் இன்று ஹைப்ரூக் நிற்கிறது.

புல்வெளியைப் பேட்டையாக்கியது பெட்ரோல். ஆக்லாந்தின் கடைசி டிராம் 1956 டிசம்பர் 29 அன்று ஓடி நின்றது. பெட்ரோல் மலிவாகக் கிடைத்த காலத்தில் தண்டவாளத்துக்குச் செலவழிப்பது வீண் என்று தோன்றியிருக்கிறது. அதற்குப் பிறகு வளர்ந்த கிழக்குப் புறநகர்களுக்கு ரயில் வரவே இல்லை. பொட்டனியில் குடியிருப்பவர் ரயில் ஏற வேண்டுமானால் பான்மியூருக்கோ பாப்பாடோயிடோயிக்கோ போயாக வேண்டும். வீடு ஓரிடம், வேலை ஓரிடம், கடை இன்னோர் இடம். இடையிலுள்ள தூரத்தைக் கார் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக் கட்டிய ஊர் இது.

அந்த நம்பிக்கையை முதலில் ஆட்டிப் பார்த்தது 1973 எண்ணெய் நெருக்கடி. நெடுஞ்சாலை வேக வரம்பை நியூசிலாந்து அரசு மணிக்கு 80 கிலோமீட்டராகக் குறைத்தது. 1979-இல் ஈரானில் புரட்சி வெடித்து, எண்ணெய் விலை மறுபடி ஏறியபோது பிரதமர் ராபர்ட் மல்டூனின் அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. ஜூலை 30 முதல், கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அன்று காரை எடுக்காமல் இருக்க வேண்டும். எந்த நாள் என்பதைக் காட்டும் ஸ்டிக்கர் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். மீறினால் 400 டாலர் வரை அபராதம்.

காகிதத்தில் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான். ஆனால் இரண்டு கார் உள்ள வீட்டுக்கு அது சட்டமே இல்லை. ஒன்றில் செவ்வாய், மற்றதில் வியாழன் என்று ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. விலக்குக் கேட்டு மனுக்கள் குவிந்தன, விலக்கு ஸ்டிக்கர்கள் கள்ளச் சந்தையிலும் கிடைத்தன. உண்மையில் வீட்டிலேயே நின்றது ஒற்றைக் கார்க்காரரின் கார்தான். மிச்சப்பட்ட பெட்ரோலும் சொற்பம். 1980 மே மாதம் திட்டத்தைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள். இன்று அதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் விலையை வைத்துப் பங்கிடாமல், ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட இந்த நாடு முயன்ற அரிய தருணங்களில் அதுவும் ஒன்று. அந்த வகையில் அதற்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம்.

பங்கீடு கசந்ததும் அரசு வேறு வழி தேடியது. டாரனாக்கி கடலில் மாவுயி எரிவாயு வயல் 1969-இலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அந்த வாயுவிலிருந்து பெட்ரோல் தயாரிக்கும் ஆலை 1986-இல் மோட்டுனூயியில் திறக்கப்பட்டது. உலகில் அந்த வகையில் அதுவே முதல் ஆலை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் சி.என்.ஜி.க்கு மாறின. பிறகு எண்ணெய் விலை விழுந்தது, மானியம் நின்றது, சி.என்.ஜி. நிரப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடின. எரிவாயு மட்டும் மின்சாரத்துக்குத் தொடர்ந்து எரிந்தது.

அப்படி எரிந்த இடங்களில் ஒன்று ஈஸ்ட் டாமாக்கியை ஒட்டியே இருந்தது. ஓட்டாரா ஓடைக்கரையில் நின்ற ஓட்டஹூஹூ பி மின்நிலையம் சுமார் 400 மெகாவாட் திறன் கொண்டது. ஆக்லாந்தின் வாசலிலேயே இருந்த மின்சாரம். 2015 செப்டம்பரில் அதை மூடினார்கள். அப்போது தேவை கூடவில்லை, புவிவெப்ப நிலையங்கள் வந்திருந்தன, நடத்திய நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. அன்றைய கணக்கில் அது தவறான முடிவும் இல்லை.

ஒன்பது ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்ட். ஏரிகளில் நீர் குறைந்தது, காற்று வீசவில்லை, எரிவாயு எதிர்பார்த்ததைவிட வேகமாக வற்றியது. மொத்தச் சந்தையில் மின்சாரம் மெகாவாட் மணிக்கு 800 டாலரைத் தாண்டியது. யூனிட் கணக்கில் 80 சென்ட்; வீடுகள் கட்டும் சில்லறை விலையையே மிஞ்சிய மொத்த விலை. மோட்டுனூயியில் மெத்தனால் தயாரித்துவந்த மெத்தனெக்ஸ் நிறுவனம் ஆலையை நிறுத்திவைத்து, தன் பங்கு எரிவாயுவை மின் நிறுவனங்களுக்கு விற்றது. மெத்தனாலைவிட வாயுவை விற்பதில் லாபம் அதிகம்.

நிலையான கட்டணத் திட்டத்தில் இருந்த வீடுகள் இதை உடனே உணரவில்லை. உணர்ந்தவை ஆலைகள். மத்திய வட தீவில் வின்ஸ்டன் பல்ப் நிறுவனத்தின் இரண்டு ஆலைகள் மூடப்பட்டு ஏறத்தாழ 230 பேர் வேலை இழந்தார்கள். அதே ஆண்டு இங்கே பக்கத்தில் பென்ரோஸில், பழைய காகிதத்தை மறுசுழற்சி செய்த ஆலையும் மூடப்பட்டது. எரிசக்திச் செலவு அங்கும் ஒரு காரணம். ஹைப்ரூக்கில் பொருள்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி அனுப்பும் தொழிலாளிக்கு, அந்தச் செய்தி தொலைவில் நடந்ததாகத் தோன்றியிருக்காது.

பெட்ரோலின் கதையும் இதே மாதிரிதான். மார்ஸ்டன் பாயிண்ட் சுத்திகரிப்பு ஆலை 2022-இல் நின்றது. இப்போது நாட்டுக்கு வருவதெல்லாம் சுத்திகரித்த எண்ணெய். ஆக்லாந்துக்கு அது வந்துசேர்வது விரி வரை நீளும் 170 கிலோமீட்டர் குழாய் வழியாக. ரூஆகாக்கா அருகே யாரோ ஓட்டிய மண்தோண்டி இயந்திரம் முன்பு கீறிவிட்டுப் போன இடத்தில், 2017-இல் அந்தக் குழாய் உடைந்தது. ஆக்லாந்து விமான நிலையத்தில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டு, பல விமானங்கள் ரத்தாயின.

எரிபொருள் ஒரே நாளில் அற்றுப்போனால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நேயர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஜூனில் மறுபடி போர் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பெட்ரோல், டீசல், பேட்டரி எல்லாம் அகப்பட்டன. பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்கள் சில சொட்டுப் பெட்ரோலில் உயிர்பெற்று, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள்.

இதைச் சொல்லும்போது நம்மவர்களுக்குப் பெருமை வரும், வரட்டும். ஆனால் விறகு சேர்த்ததும் புகையில் சமைத்ததும் பெரும்பாலும் பெண்கள். கள்ள விலை கொடுத்து மண்ணெண்ணெய் வாங்க முடிந்தவர் வீட்டில் இருட்டு கொஞ்சம் குறைவு. இன்னொன்றும் உண்டு: யாழ்ப்பாணத்தின் பள்ளி, சந்தை, கோயில், கிணறு எல்லாம் சைக்கிள் எட்டும் தூரத்தில் இருந்தன. மலிவான பெட்ரோல் வருவதற்கு முன்பே அமைந்துவிட்ட ஊர் அது. ஈஸ்ட் டாமாக்கிக்கு அந்தச் சலுகை இல்லை. எரிபொருளின் விலை ஏறிய பிறகும், அது மலிவாக இருந்தபோது போட்ட தூரம் அப்படியே கிடக்கிறது.

அந்தத் தூரத்தைக் குறைக்கும் வேலை மெதுவாக நடக்கிறது. பான்மியூரிலிருந்து பக்குராங்கா வரை பேருந்துக்கென்றே தனிப்பாதை 2021-இல் திறந்தது. பொட்டனி வரை அதை நீட்டுகிறார்கள். நகர மையத்தில் வேலை பார்ப்பவருக்கு அது உதவும். விடியற்காலை ஷிப்டுக்கு ஓட்டாராவிலிருந்தோ மனுரேவாவிலிருந்தோ குறுக்கே வருகிறவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. மின்சாரக் கார் வாங்கக் கிடைத்த தள்ளுபடியும் 2023 கடைசியோடு முடிந்தது. சொந்த வீட்டுக் கூரையில் சூரியத் தகடு பதித்து, கராஜில் மின்சாரக் காருக்குச் சார்ஜ் போடுகிறவருக்குப் பெட்ரோல் விலை ஒரு செய்தி. வாடகை வீட்டில் இருந்துகொண்டு பழைய டொயோட்டா ஓட்டுகிறவருக்கு அது சம்பளத்தில் விழும் பிடித்தம்.

மின்கட்டணத்திலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் வீடுகளுக்கு நாள் கட்டணம் 30 சென்டுக்கு மேல் போகக்கூடாது என்ற பாதுகாப்பு முன்பு இருந்தது. 2022 ஏப்ரல் முதல் அந்த உச்சவரம்பு ஆண்டுக்கு 30 சென்ட் வீதம் உயர்ந்துவருகிறது. 2027-இல் முழுதாக நீங்கும் என்பது திட்டம். ஆள் அதிகமுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு இது நன்மை என்பது அரசின் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. தனியாக ஒரு ஃபிளாட்டில் ஒரு ஹீட்டரோடு குளிர்காலத்தை ஓட்டும் முதியவருக்கு, விளக்கை அணைத்து மிச்சம் பிடித்தாலும் பில் முன்போல் இறங்காது. மே முதல் செப்டம்பர் வரை அரசு தரும் குளிர்கால எரிசக்தி உதவித்தொகை, தனி ஆளுக்கு வாரம் 20 டாலர் 46 சென்ட்.