மலைப் பாதையும் மந்தர ஒலியும்

பேரகலைச் சந்தியிலிருந்து வெல்லவாயவை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலை கொஸ்லாந்தையைக் கடந்து, 220 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் தியலும அருவியின் அருகாகச் செல்கிறது. ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம். அந்தச் சாலையிலும், அங்கிருந்து மீரியபெத்த போன்ற தோட்டங்களுக்கு ஏறிச் செல்லும் கிளைப் பாதைகளிலும் ஓடுகின்ற வேன்களில், பாட்டும் ஒரு பயணியாக உடன் வருவதுண்டு. இக்காலத்தில் அந்தப் பாட்டுக்குத் துணையாக இருக்கையின் அடியிலோ வண்டியின் பின்புறத்திலோ ஒரு பெட்டி இடம் பிடித்திருக்கிறது. சப்வூபர் என்று வழங்கும் தாழ்சுருதி ஒலிபெருக்கியே அது. வாடகை வேன் ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் அதனை வாங்கப் புகும்போது எவற்றை ஆராய வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மனிதச் செவி வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளைக் கேட்க வல்லது. அவற்றுள் ஏறத்தாழ 80 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட மந்தர ஒலிகளை எழுப்புவதே சப்வூபரின் தொழில். 40 அதிர்வுள்ள ஓர் ஒலியலையின் நீளம் காற்றில் சுமார் எட்டரை மீட்டர்; அதாவது, ஒரு வேனின் நீளத்தையும் விஞ்சியது. அத்தகைய ஒலியை எழுப்ப மிகுதியான காற்றைத் தள்ள வேண்டும். கதவில் பொருத்திய சிறு ஒலிபெருக்கிக்கு அவ்வலிமை இல்லை. ஆகவேதான் 8, 10, 12 அங்குல அகலமுள்ள கூம்புகள் தேவைப்படுகின்றன.

கடைக்குச் சென்றவுடன் கண்ணைக் கவர்வது பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு. ஆயிரம், இரண்டாயிரம் என்று பெரிய எழுத்திலே காணப்படும் எண், பெரும்பாலும் கணநேரம் தாங்கக்கூடிய உச்ச அளவேயாகும். தொடர்ந்து தாங்கும் அளவை ஆர்.எம்.எஸ். என்ற பெயரில் சிற்றெழுத்திலே குறித்திருப்பார்கள். ஒப்பிடுவதற்கு உரியது இந்த இரண்டாவது எண்ணே. அன்றியும், வாட் இருமடங்கானால் ஒலி மூன்று டெசிபெல் மட்டுமே உயர்கிறது. செவிக்கு அது ஒரு சிறிய ஏற்றமாகவே தோன்றும். எனவே இருமடங்கு வாட்டுக்கு இருமடங்கு விலை கொடுப்பவர் இருமடங்கு ஒலியைப் பெற்றுவிடுவதில்லை.

வாட்டைவிடப் பெட்டியே முக்கியமானது. மூடிய பெட்டி ஒருவகை. குழாய் போன்ற வாய் வைத்த துளைப்பெட்டி மற்றொரு வகை. ஒரே மின்வலுவில் துளைப்பெட்டி உரத்து முழங்கும். ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். தனக்கென அமைந்த சுருதிக்குக் கீழே இறங்கினால் அதன் கூம்பு கட்டுப்பாடின்றி அலைந்து பழுதடையவும் கூடும். மூடிய பெட்டியோ அடக்கமானது. தாளத்தைத் தெளிவாகக் காட்டும். அதன் ஒலி கீழ்ச்சுருதியில் மெல்லத் தேய்ந்து போவது உண்மையே. ஆயினும் கதவும் கண்ணாடியும் மூடிய வண்டியின் சிறிய உட்புறம் அதே கீழ்ச்சுருதியைத் தானாகவே உயர்த்திக் கொடுத்து அக்குறையைப் பெரிதும் ஈடு செய்கிறது. கதவில்லாத முச்சக்கர வண்டியில் இந்த உதவி கிடைப்பதில்லை. அங்கே செலவழிக்கும் முழக்கத்தில் பெரும்பகுதி பாதையோர லயன் வீடுகளுக்குத்தான் போய்ச் சேரும்; நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வந்து படுத்திருப்பவரின் உறக்கத்தையும் கெடுக்கும்.

அடுத்தது மின்சாரம். 300 வாட்டைத் தொடர்ந்து வழங்கும் ஆம்பிளிஃபையர் முழு வேகத்தில் இயங்கினால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 30 ஆம்பியர் இழுக்கும். முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து இழுப்பது 8 அல்லது 9 ஆம்பியர்தான். மழையும் மூடுபனியும் சூழ்ந்த மாலையில் விளக்கும் கண்ணாடித் துடைப்பானும் இயங்க வேண்டும். அவற்றுக்குப் போக ஆல்டனேட்டரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கணக்கிட்ட பின்னரே ஆம்பிளிஃபையரைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அதற்குச் செல்லும் கம்பி தடித்ததாக இருத்தல் நலம். பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் ஒன்று அவசியம். அது இல்லாவிடில், உரசித் தேய்ந்த ஒரு கம்பியே வண்டிக்குத் தீ வைத்துவிடும்.

இனி, இரண்டு சப்வூபர்களைச் சீர்தூக்கும் முறையைக் காண்போம். இரண்டையும் ஒரே உரத்தில் வைத்துக் கேட்க வேண்டும். சற்றே உரத்து ஒலிப்பது எதுவோ அதுவே சிறந்தது என்று மனம் தீர்ப்புக் கூறிவிடும். விற்பவரும் அதனை அறிவார். கடையின் பலகையில் கேட்பதைவிட வண்டிக்குள் வைத்துக் கேட்பது மேல். நன்கு பழகிய ஒலியே சிறந்த உரைகல். காமன் கூத்தின் தப்பொலியை அறிந்த காதுகளுக்கு வேறு அளவுகோல் வேண்டுவதில்லை. தப்பின் அடிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெறிக்க வேண்டும். உறுமியின் இழுப்பு அதன் கீழே தனியாகத் தவழ வேண்டும். இரண்டும் கலந்து ஒரே குமுறலாகக் கேட்டால், விலை எதுவாயினும் அந்தப் பெட்டி தள்ளத்தக்கதே.

இவை யாவற்றுக்கும் மேலாக ஓட்டுநர் மறக்கலாகாத ஒன்று உண்டு. மந்தர ஒலி மிகும்போது அதற்கு மேலுள்ள ஒலிகளையும் மறைத்துவிடும் இயல்புடையது. வளைவின் அப்பாலிருந்து வரும் பஸ்ஸின் ஹோர்ன் ஒலியும், பாதையோரத்தில் ஒருவர் எழுப்பும் கூக்குரலும் அவ்வாறே மறைந்து போகலாம். சமவெளியில் இது சிறு குறையாக இருக்கலாம். ஊவா மலைகளில் உயிர்ப் பிரச்சினையாகும். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையில், மழையில் ஊறிய மலைச்சரிவு மீரியபெத்தவில் இடிந்து வீழ்ந்து லயன் வீடுகளையும் அவற்றில் வாழ்ந்தோரையும் மண்ணில் புதைத்தது. அத்தகைய மலைகளின் நடுவே ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் கண்ணுக்கு உள்ள கடமை காதுக்கும் உண்டு. சிறு கற்கள் உருளும் ஓசை, நீரோட்டத்தின் மாறிய இரைச்சல், எச்சரித்து நிறுத்தும் குரல் ஆகிய இவற்றுக்கு இடம் விட்டே பாட்டு ஒலிக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனுக்கு இன்னொரு வரம்பும் பொருந்தும். கைபேசி முதலிய கருவிகளில் பாட்டுக் கேட்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவு, வாரத்துக்கு 40 மணி நேரமாயின், பெரியோருக்கு 80 டெசிபெல். சிறுவருக்கு 75 டெசிபெல். பிள்ளைகளின் செவிகள் பெரியோருடையவற்றைவிடப் பாதுகாக்கத் தக்கவை என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, மலைப் பாதையில் ஓடும் வேனுக்கு மூடிய பெட்டியில் அமைந்த 10 அங்குல சப்வூபர் ஒன்றும், அதற்கு ஒத்த அளவான ஆம்பிளிஃபையரும், உரத்தைக் குறைக்க ஓட்டுநரின் கைக்கு எட்டும் திருகு ஒன்றும் போதுமானவை. மிச்சமாகும் பணத்தை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடுபவர் பாட்டை இழக்கப் போவதில்லை. அவரை நம்பி ஏறி அமர்ந்தவர்களும் வீடு போய்ச் சேருவார்கள்.