ஊரைக் காட்டு, அப்புறம் பேசலாம்!

(தலைப்பு: வெளிநாட்டில் வாழும் சொந்தங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பெரிதும் நிறைவு தருவது உறவைப் பார்ப்பதா? ஊரைப் பார்ப்பதா? 'ஊரைப் பார்ப்பதே' என்ற அணியில் பேசியது. இடம்: திருவள்ளூர்.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி அரங்கத்தையே கலங்கடித்துவிட்டுப் போன எதிரணி அம்மா அவர்களே! வீரராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டு, அப்படியே பட்டிமன்றத்தையும் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிற திருவள்ளூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணி அம்மா என்ன சொன்னாங்க? "பெத்த பிள்ளை முகத்தைப் பார்த்தாப் போதும். ஊர் எதுக்குய்யா ஊரு? அது எங்கேயும் ஓடிடாது"ன்னாங்க. நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். பக்கத்துல என் வீட்டுக்காரி உட்கார்ந்திருக்காங்க, தட்டாம இருக்க முடியுமா? (சிரிப்பு)

ஆனா ஒண்ணு கேட்கிறேன் நடுவர் அவர்களே. முகம் பார்க்கிறதுக்கு இன்னிக்கு யாராவது விமானம் ஏறணுமா? செல்போனைத் தட்டினா முகம் வந்து நிக்குது. பாட்டிதான் பழக்கதோஷத்துல போனைக் காதுல வெச்சுக்குவாங்க. அந்தப் பக்கம் பேரனுக்குத் தெரியறது பாட்டியோட தோடு மட்டும். (சிரிப்பு) தாத்தா நேராப் பிடிப்பார். ஆனா அவர் நெத்தியும் மேலே சுத்துற மின்விசிறியும்தான் தெரியும். இருந்தாலும் தினமும் முகம் பார்த்துக்கறாங்க இல்ல? அப்புறம் எதுக்கு ஒரு லட்சம் செலவு பண்ணி, விசாவுக்கு வரிசையில நின்னு, ஊறுகாய் பாட்டிலைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போறாங்க?

போன்ல காட்ட முடியாத ஒண்ணு அங்கே இருக்கு. அதுதான் அந்த ஊரு.

இது இன்னிக்கு நேத்துப் பிரச்சினை இல்லீங்க. 'எம்.வி. சிதம்பரம்'னு ஒரு கப்பல் ஓடுச்சு, வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னையில இருந்தும் நாகப்பட்டினத்துல இருந்தும் பினாங்கு, சிங்கப்பூருக்கு ஆளை ஏத்திக்கிட்டுப் போகும். 1985ல அதுல தீப்பிடிச்சுப் பல பேர் இறந்துபோனாங்க. அதோட அந்தப் பயணமும் முடிஞ்சுபோச்சு. அந்தக் கப்பல்ல போனவங்க ஆயிரம்னா, போக முடியாம கரையிலேயே நின்னவங்க பல ஆயிரம். புருஷன் இருபது வருஷம் சிங்கப்பூர்ல இருப்பார். பொண்டாட்டிக்குத் தெரிஞ்ச சிங்கப்பூர் எது? கடிதாசு மேல எழுதற மூணு வரி விலாசம். அவ்வளவுதான். அந்த மூணு வரிக்குள்ள அவர் எங்கே தூங்கினார், எங்கே சாப்பிட்டார்னு கடைசி வரைக்கும் தெரியாமலே போன அம்மாக்கள் நம்ம தமிழ்நாட்டுல எத்தனை பேர்!

சரி, இப்பப் போறவங்க கதைக்கு வருவோம். மகளுக்குப் பிரசவம்னு அமெரிக்கா போவாங்க நம்ம அம்மாக்கள். ஆறு மாசம். திரும்பி வந்ததும் தெருவே கூடிக் கேட்கும், "நயாகரா பார்த்தீங்களா?" "எங்கேம்மா பார்த்தேன்? பாத்திரம் கழுவுற குழாயைத்தான் பார்த்தேன். அதுலயும் தண்ணி நல்லா வேகமாத்தான் கொட்டுச்சு!" (பலத்த சிரிப்பு)

சிரிக்கறீங்க. ஆனா அந்த அம்மா ஆறு மாசமும் மகள் முகத்தைப் பார்த்துக்கிட்டேதானே இருந்தாங்க? எதிரணி கணக்குப்படி நிறைஞ்சு வழியணுமே! ஏன் திரும்பி வந்தப்போ சொல்றதுக்கு ஒரு வார்த்தை இல்லாம வந்தாங்க? சமையற்கட்டு திருவள்ளூர்லயும் இருக்கு, அங்கேயும் இருக்கு. மகள் எந்தத் தெருவுல நடக்கறா, எந்தக் கடைக்காரன் அவளைப் பார்த்துச் சிரிக்கறான், ஒரு அவசரம்னா எந்தக் கதவைத் தட்டுவான்னு தெரியாம, எதைப் பார்த்துட்டு வந்தோம்னு சொல்லுவாங்க?

எங்க கும்மிடிப்பூண்டியில ஒரு பெரியவர். சிப்காட்ல ஒரு ரோலிங் மில்லுல முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர். பழுக்கக் காய்ஞ்ச கம்பி பாம்பு மாதிரி சீறிக்கிட்டு வர்ற இடம் அது. அவர் மகன் படிச்சு, சிங்கப்பூர் ஜூரோங்ல ஒரு ரசாயன ஆலையில வேலைக்குச் சேர்ந்தான். அப்பாவை ஒரு மாசம் அழைச்சுக்கிட்டான். நல்ல பையன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஊர் சுத்திக் காட்டினான். சிங்கத் தலையும் மீன் உடம்புமா ஒரு சிலை வாயில இருந்து தண்ணி கொட்டுமே, அதைக் காட்டினான். இவர் பார்த்துட்டு, "நம்ம கோயில் தூண்ல இருக்கிற யாளி மாதிரி இருக்கு. இதுக்கு ஏண்டா இவ்வளவு கூட்டம்?"னாராம். (சிரிப்பு) 1827ல நாராயண பிள்ளை கட்டின மாரியம்மன் கோயிலைக் காட்டினான். கன்னத்துல போட்டுக்கிட்டார். சிராங்கூன் சாலையில தமிழ்ப் பலகைகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோச்சு. எல்லாம் சரி. ரெண்டு வாரம் கழிச்சு மகன்கிட்ட கேட்டார், "எல்லாத்தையும் காட்டினே. நீ வேலை பார்க்கிற இடத்தைக் காட்டலியே?"

அது ஜூரோங் தீவுங்க. ஏழு சின்னத் தீவுகளுக்கு நடுவுல மண்ணைக் கொட்டி ஒரே தீவாக்கி, முழுக்க எண்ணெய் ஆலையும் ரசாயன ஆலையுமா நிக்கிற இடம். பாஸ் இல்லாம ஒரு ஈ நுழைய முடியாது. "உள்ளே விடமாட்டாங்கப்பா." "பரவாயில்லடா, கேட்டு வரைக்கும் வர்றேன்."

விடியக்காலையில எழுந்து மகனோட பஸ் ஏறிப் போனார். மகன் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கிட்டு, சாப்பாட்டு டப்பாவைக் கையில எடுத்துக்கிட்டு, வரிசையில நின்னு உள்ளே போறதைத் தூரத்துல நின்னு பார்த்தார். முப்பது வருஷம் அதே மாதிரி டப்பாவைத் தூக்கிக்கிட்டு, அதே மாதிரி ஒரு கேட்டுல நின்னவரில்லையா அவர்? திரும்பி வர்ற வழியில அந்த ஆலைங்களை ஒரு தடவை பார்த்துட்டு, சாயங்காலம் மகன்கிட்ட சொன்னாராம். "நம்ம கும்மிடிப்பூண்டி மாதிரியேதான் இருக்குடா. புகையை மட்டும் எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கான்!" (சிரிப்பு, கைதட்டல்)

அதுக்கு முன்னாடி அப்பனும் மகனும் போன்ல என்ன பேசுவாங்க தெரியுமா? "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "உடம்பு?" "நல்லா இருக்கு." "சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்." (சிரிப்பு) எல்லா வீட்டுலயும் அப்பாக்கள் பேசற மொத்த வசனமும் இதுதானே? இப்ப அந்தப் பெரியவர் கேட்கிறார். "அந்த மூலையில மரத்தடியில நிப்பியே, பஸ் நேரத்துக்கு வந்துச்சா? ராத்திரி ஷிப்ட்டுன்னா அந்தப் பாலத்துல காத்து அடிக்குமே, சட்டை போட்டுக்கிட்டுப் போனியா?" முகத்தைப் பார்த்ததால வந்த பேச்சா இது? கேட்டைப் பார்த்ததால வந்த பேச்சுங்க! (கைதட்டல்)

எதிரணித் தோழர் ஒருத்தர், "ஊர் பார்க்கிறது பணக்காரன் பொழுதுபோக்கு"ன்னார். நம்ம பக்கத்துல இருந்து வெல்டராகவும் பிட்டராகவும் வளைகுடாவுக்குப் போன பிள்ளைங்க நிறைய. குடும்பத்தை அழைச்சுக்கணும்னா இவ்வளவு சம்பளம் இருக்கணும்னு அங்கே சட்டம். சிங்கப்பூர்லயும் ஒர்க் பர்மிட்ல இருக்கிற தொழிலாளி பெண்டாட்டி பிள்ளையோட குடியிருக்க முடியாது. அந்தப் பையன் வீட்டுல எல்லார் முகத்தையும் தினம் போன்ல பார்க்கிறான். ஆனா அவன் படுக்கிற கட்டில் இருக்கிற அறையை மட்டும் காட்ட மாட்டான். போனைச் சுவர் பக்கமாவே திருப்பி வெச்சுக்குவான். ஏன்? அம்மா பார்த்தா அழுவாங்கன்னு. பொழுதுபோக்கா இது?

நம்ம சிப்காட்டுக்கே பீகார்ல இருந்தும் ஒடிசாவுல இருந்தும் பிள்ளைங்க வந்திருக்காங்க. அவங்க அம்மாவுக்குக் கும்மிடிப்பூண்டிதான் துபாய். அவங்களும் சுவர் பக்கம் திரும்பித்தான் பேசறாங்க.

இன்னொரு பக்கம் பாருங்க. அங்கே இருந்து சொந்தக்காரங்க நம்மைப் பார்க்க வர்றாங்களே, நாம என்னத்தைக் காட்டறோம்? வந்ததும் தியாகராய நகருக்கு ஓட்டிக்கிட்டுப் போய்ப் புடவைக் கடையில உட்கார வெச்சிடறோம். "எங்க ஊர்ல என்னங்க இருக்கு? ரெண்டு சிமெண்ட் தொட்டியும் நாலு புகைபோக்கியும்தான்" அப்படீங்கறோம். அய்யா, பூண்டி ஏரிக்குப் பக்கத்துல அத்திரம்பாக்கம்னு ஒரு கிராமம். 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பின்னால சாந்தி பப்பு குழுவினர் தோண்டி ஆராய்ஞ்சு, அதுல பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011ல வெளியிட்டாங்க. அமெரிக்காவுல இருந்து வந்த பேரன், "எங்க ஊரு மியூசியத்துல இருநூறு வருஷத்து நாற்காலி இருக்கு தாத்தா"ங்கறான். கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்க, "எங்க ஊர்ல 15 லட்சம் வருஷத்துக் கோடாலி இருக்குடா"ன்னு! (பலத்த கைதட்டல்)

பழவேற்காடு இருக்கு. சிலிகாவுக்கு அடுத்தபடியா இந்தியாவுலயே பெரிய உப்பங்கழி ஏரி. குளிர்காலத்துல பூநாரைங்க வந்து ஏரியையே ரோஜா நிறமாக்கும். டச்சுக்காரன் 1613ல கோட்டை கட்டின இடம். கோட்டை போச்சு, கல்லறைங்க இருக்கு. வாசல்ல எலும்புக்கூடு செதுக்கியிருப்பான். உள்ளே கல்லு கல்லா டச்சு மொழியில பேரு. ஆலந்துல இருந்த அம்மாக்கள் எத்தனை பேருக்கு மகன் புதைஞ்ச இந்த ஊர் தெரிஞ்சிருக்கும்?

நடுவர் அவர்களே, மணி அடிக்கக் கை போகுது. ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன். (நடுவர்: சொல்லுங்க, சொல்லுங்க.)

கும்மிடிப்பூண்டியில இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. 2021ல இருந்து அரசாங்கம் 'மறுவாழ்வு முகாம்'னு பேர் மாத்தியிருக்கு. அங்கே இருக்கிற பிள்ளைங்க எங்கிட்ட படிக்கிறாங்க. பிறந்தது நம்ம பொன்னேரிப் பக்கம், பேசறது "இன்னா சார்". ஆனா 1987 ஜூலைக்கு அப்புறம் பிறந்தவங்களுக்கு, அப்பா அம்மாவுல ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இல்லேன்னா, இங்கே பிறந்ததால மட்டும் குடியுரிமை வராது. இந்தியப் பாஸ்போர்ட்டும் வராது. என் மாணவி ஒருத்தியோட அம்மா முகாம்ல இருக்காங்க. அவங்க தங்கச்சி கனடாவுல, டொராண்டோ பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல ஒருத்தரை ஒருத்தர் தொட்டதில்ல. தங்கச்சி கனடாப் பாஸ்போர்ட்ல வந்தாங்க. வெளிநாட்டுக்காரங்க நினைச்ச மாதிரி முகாமுக்குள்ள வந்து தங்க முடியாது. எங்கே சந்திச்சாங்க தெரியுமா? சிறுவாபுரி முருகன் கோயில்ல. ஆறு செவ்வாய்க்கிழமை வந்தா சொந்த வீடு கொடுக்கிற முருகன்னு சொல்வாங்களே, அந்தக் கோயில்ல!

ரெண்டு பேரும் அழுது தீர்த்தாங்க. முகம் பார்த்தாச்சு. எதிரணி கணக்குல கதை முடிஞ்சுபோச்சு. ஆனா தங்கச்சி கேட்டாங்களாம், "அக்கா, நீங்கள் இருக்கிற ஊரைப் பார்க்க வேணும்." அக்கா காட்டினாங்க. மகள் படிக்கிற பள்ளிக்கூடம், மீன் வாங்குற சந்தை, வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்கப் போற பக்கம் எல்லாம் காட்டி, கடைசியில பழவேற்காட்டுக் கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அங்கே நின்னு அக்கா சொன்னாங்க, "இது எங்கட ஊர்க் கடல் இல்லை. ஆனா என்ர பிள்ளைகளுக்கு இதுதான் கடல்."

(அரங்கம் அமைதி)

இத்தனை வருஷமா பணம் அனுப்பின ரசீது நம்பர்தான் அந்தத் தங்கச்சிக்குத் தெரியும். அன்னிக்குத்தான் அக்கா எங்கே வாழறாங்கன்னு தெரிஞ்சுது. கிளம்பும்போது அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு கேட்டாங்க. "நான் என்ர ஊரைக் காட்டிப்போட்டன். நீ உன்ர ஊரை எனக்கு எப்ப காட்டுவாய்?"

அந்தத் தங்கச்சியால பதில் சொல்ல முடியல. எதிரணித் தலைவர் அவர்களே! முகத்தைப் பார்த்தாச்சு, இனிமே ஊர் எதுக்குன்னு அந்த அக்காகிட்ட நீங்க வந்து சொல்லுங்க. கும்மிடிப்பூண்டி வண்டிக்கு டிக்கெட் நான் எடுத்துத் தர்றேன்.

(நீண்ட கைதட்டல்)