குளிர்நாட்டுக் குளத்தில் செடியும் மீனும்



நுவரெலியாவின் உயரம் ஏறத்தாழ 1,870 மீற்றர். இக்குளிர்நீரில் திலாப்பியா செழிப்பதில்லை. கார்ப் கெண்டையே தாங்கும்.

தேயிலை மலையிலிருந்து வழியும் மழைநீர் குளத்தில் சேரலாகாது. அதில் கலந்துவரும் பூச்சிமருந்து ஒரே இரவில் மீன்களை மாய்த்துவிடக்கூடும். ஆதலால் முதலில் குளத்தின் மேற்புறம் கான் வெட்டி அந்நீரைத் திருப்புங்கள்.

கெண்டை சேற்றைக் கிளறி வேரைப் பெயர்க்கும். ஆகவே அல்லிக் கிழங்கை மண்சட்டியில் நட்டு, மேலே கல் பரப்பி நீரில் இறக்குங்கள். ஆகாயத் தாமரை வேண்டவே வேண்டாம்: 1905இல் அழகுக்காக இலங்கைக்கு வந்த அச்செடியை 1909இலேயே சட்டமியற்றித் தடுக்க நேர்ந்தது.

இரு வாரம் சென்றபின், குஞ்சுப் பையைக் கால் மணி நேரம் நீரில் மிதக்கவிட்டுத் திறவுங்கள். அவை நுளம்புக் குடம்பிகளையும் உண்ணும்.

குழந்தைகள் விழாதவாறு வேலியிட மறவாதீர்கள்.