எது விஷ்ணுக்ராந்தி?
(ஆனேக்கல் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நம் அகங்களில் பூஜைக்கு வெள்ளை, மஞ்சள், சிவப்புப் பூக்களுக்குப் பஞ்சமில்லை. நீலம்தான் அபூர்வம். வருஷக்கணக்கில் இருந்து, சுமார் ஓரடி உயரத்தோடு நிற்கும் நீலப்பூச் செடி ஒன்று நர்சரிகளில் விஷ்ணுக்ராந்தி என்ற பெயரில் கிடைக்கிறது.

அந்தப் பெயரில்தான் சிக்கல். நம் விஷ்ணுக்ராந்தி, அதாவது எவால்வுலஸ் ஆல்சினாய்டிஸ், செம்மண் தரிசுகளில் தரையோடு தரையாகப் படர்வது. பூ சட்டைப் பொத்தானை விடச் சிறியது. பிள்ளையார் சதுர்த்தியன்று சமர்ப்பிக்கும் 21 பத்ரங்களில் இதுவும் ஒன்று; கேரளத்தின் தசபுஷ்பத்திலும் உண்டு. நர்சரிக்காரர் தருவதோ பிரேஸில் தேசத்து எவால்வுலஸ் க்ளோமெராடஸ். ஒரே குலம், வேறு செடி. பூ ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். இலையில் சாம்பல் பூத்தாற்போல் ரோமம்.

ஞாபக சக்திக்கு நல்லது என்று இதன் இலையைப் பேரக் குழந்தைகளுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பது தகாது. மூலிகைக்குச் சொன்ன குணத்தை வேறொரு செடியிடம் எதிர்பார்க்கக் கூடாதல்லவா? சங்கபுஷ்பி என்ற பெயரிலும் இதே குழப்பம். விஷ்ணுக்ராந்தி, சங்குப்பூக் கொடி, வடக்கத்திய கான்வால்வுலஸ் ஆகிய மூன்றையும் அப்படி அழைக்கிறார்கள். பூஜைக்கு எது என்று வாத்யாரைக் கேளுங்கள். மருந்துக்கு வைத்தியரைக் கேளுங்கள். தோட்டத்துக்கு என்றால், என் அபிப்பிராயத்தில் பிரேஸில் செடியே உத்தமம்.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் ஒரு வார்த்தை. இதே குடும்பத்தைச் சேர்ந்த 'ஹெவன்லி ப்ளூ' என்ற கொடியின் மொட்டு செவ்வூதா. விரியும்போது இதழ்ச் சாற்றின் பிஹெச் 6.6-லிருந்து 7.7-க்கு உயர்ந்து நீலமாகிறது. சங்குப்பூ ஊறிய நீரில் எலுமிச்சை பிழிந்தால் இதற்கு நேர்மாறாக, நீலம் ஊதாவாகும். குழந்தைகளுக்குச் செய்து காட்டுங்கள்.

இனி வளர்ப்பு. பூ காலையில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். ஆகவே காலை வெயில் தாராளமாக விழும் இடம் வேண்டும். நிழலில் இலைதான் மிஞ்சும். நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டுவிட்ட நம் ஆனேக்கல் தாலுகாவில் புல்தரை போடுவதைவிட இது விவேகம். வேர் பிடித்தபின் மேல்மண் காய்ந்தால் தண்ணீர் விட்டால் போதும். தேங்கினால் வேர் அழுகிவிடும். செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றும் சமமாகக் கலந்து கொள்ளலாம். நுனியை அவ்வப்போது கிள்ளினால் அடர்த்தியாகும். பூவில்லாத நுனியை நான்கு விரல் நீளம் வெட்டி, அடி இலைகளை உதிர்த்து, ஈர மணலில் நட்டால் வேர்விடும். மும்பை அன்பர்கள் மழைக்காலத்தில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்தி வைக்கவும். டெல்லிக்காரர்கள் உறைபனி படாமல் பார்த்துக் கொள்ளவும்.